மூன்று மரமும் ஒற்றைச் செருப்பும்

வாழவந்தி, ஏற்காடு மலை
14 ஜூன் 2024

என் தங்கை மகள் ஷீனாவுக்கு மாமா எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். ஒண்ணாம் வகுப்பில் நீ சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாயே, அப்போதே உன் அம்மாவிடம் சொன்னேன்: "சாந்தா, இது மூளை விஷயத்துக்குத்தான் போகும்." மூளைக்கென்று தனியாக ஒரு பட்டப்படிப்பு இருப்பது அப்போது இந்தியாவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போது மூன்று வருஷம் தேறி, கடைசி வருஷத்துக்குப் போய்விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஆச்சரியமே இல்லை.

இங்கே நான் சௌக்கியம். ஜீப்புக்குத்தான் கிளட்ச் சௌக்கியமில்லை. உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஐதராபாத்தில் எல்லாவற்றிலும் காரம் என்கிறார்கள்.

போனில் பேசாமல் தபாலில் எழுதியிருக்கிறாயே, அதுதான் பெரிய விஷயம். காளியப்பனின் டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்க கிறிஸ்துதாசு, இந்தக் காலத்துல புள்ள கடுதாசி எழுதுதுன்னா, எதாச்சும் காரியம் இருக்குமுங்க" என்றான். "நொம்பப் படிச்சவங்க அப்பிடித்தான்டா, உனக்கெங்க தெரியும்" என்று வாயை அடைத்தேன். மூளை டாக்டர் ஆனதும் முதலில் அவன் தலையைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி? எழுது.

உன் மாமா
கிறிஸ்துதாஸ்

*

விடுதி, ஐதராபாத்
2 ஜூலை 2024

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலமாக இருக்கிறேன். காரம் பழகிவிட்டது. கிளட்ச்சை மாற்றாமல் மலையில் ஓட்டாதீர்கள்.

மாமா, நான் டாக்டர் ஆகமாட்டேன். எத்தனை முறை சொல்வது? யார் தலையையும் திறக்கமாட்டேன். மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படி நினைவு வைக்கிறான், எப்படி முடிவெடுக்கிறான் என்று படிக்கிற படிப்பு இது. பட்டம் வாங்க நரம்பியலும் தெரிய வேண்டும், உளவியலும் தெரிய வேண்டும், கணினி நிரலும் எழுத வேண்டும். கணக்கு, புள்ளியியல் இல்லாமல் எதுவும் நகராது. ஒரு ஆய்வகப் பாடம் உண்டு. அது முடிந்தது. எல்லாம் தேறிவிட்டேன். பாக்கி ஒன்றுதான். நானே ஒரு ஆய்வு நடத்தி, கட்டுரை எழுதி, தேர்வாளர்கள் மூன்று பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பட்டம் கிடையாது.

அது கிடக்கட்டும். எனக்கு ஒரு ஆசை. நான் பிறந்த கதையை நீங்கள் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகிறது. கையால் எழுதி அனுப்புவீர்களா? போனில் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது.

ஷீனா

*

வாழவந்தி
15 ஜூலை 2024

கண்ணு ஷீனாவுக்கு,

சௌக்கியம். மிளகுக்கொடி சௌக்கியம். மழை மட்டும் அளவு தெரியாமல் பெய்கிறது.

மூளையைப் படிக்கக் கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் காளியப்பனிடம், "மூளைக்குள்ள நரம்ப எண்ணோணுமில்ல" என்று விளக்கிவிட்டேன். ஒத்துக்கொண்டான்.

கதையைக் கேள். உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது நல்ல பகல். சேலத்துக்குக் கொண்டுபோக எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஜீப்பைப் பிடுங்கி வந்தேன். நான் கேட்டு அந்த மனிதர் இல்லையென்று சொன்னதே கிடையாது. கொட்டுகிறது மழை. பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு சில்வர் ஓக் மரம், தேர் மாதிரி உயரம், ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது. மேலேயிருந்து ஒரு வண்டி இறங்க முடியாது, கீழேயிருந்து ஒரு பஸ் ஏற முடியாது. அந்த வளைவில் ஜீப்பைத் திருப்ப இந்த மலையில் என்னை விட்டால் ஆள் இல்லை. திருப்பினேன். ஏற்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கதவைத் தாண்டியதும் நீ பிறந்துவிட்டாய்.

உன் அப்பன் பாக்கியநாதன் அப்போது சேலத்தில் பட்டறை வேலையில் இருந்தான். பஸ் இல்லை என்றதும் அடிவாரத்திலிருந்து ஓடியே வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்க, காலில் ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்க வந்து நின்று, "எங் கண்ணு எங்கே?" என்றான். உன்னைத்தான் கேட்டான்.

எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. பேனாவையும் குறை சொல்ல வேண்டும், மை ஒழுகுகிறது.

மாமா

*

ஐதராபாத்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. உங்களுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு கெட்ட செய்தி. நீங்கள் எழுதிய கடிதம் ஜன்னலோரம் இருந்து மழையில் நனைந்துவிட்டது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. இன்னொரு முறை முழுசாக எழுதுவீர்களா? முன்பு எழுதியதை யோசிக்க வேண்டாம். புதிதாகச் சொல்வது போலச் சொல்லுங்கள். அடுத்து அம்மாவிடமும் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

ஷீனா

*

வாழவந்தி
3 செப்டம்பர் 2024

கண்ணு ஷீனா,

முட்டிவலி போய்விட்டது. மிளகும் வெல்லமும் சேர்த்து நானே கண்டுபிடித்த மருந்து. சேலத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

உன் அம்மாவிடம் கேட்காதே. வலியில் கிடந்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அவளிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். கதை என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கு ஜீப் கிடைக்கவில்லை. பால் வண்டிதான். கேன்களை இறக்கி வைத்துவிட்டு உன் அம்மாவைப் படுக்க வைத்தேன். ரோட்டில் பலாமரம் ஒன்று காயோடு பெயர்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை, அது பாட்டுக்குப் பலாப்பழம் தின்றுகொண்டிருக்கிறது. நான் இறங்கிப் போய் அதன் கண்ணைப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்தது. விலகிப் போய்விட்டது. ஆனால் மரம் விலகுமா? திரும்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிஸ்டர், "கிறிஸ்துதாஸ், நீர் இல்லாவிட்டால் இரண்டு உயிர் போயிருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

உன் அப்பன்தான் பாவம். அடிவாரத்திலிருந்து ஓடியே வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்க, காலில் ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்க வந்து நின்று, "எங் கண்ணு எங்கே?" என்றான்.

இதை நனையாத இடத்தில் வை.

மாமா

*

ஐதராபாத்
11 நவம்பர் 2024

மாமாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபிக்க வேண்டாம். இந்த மாதம் எனக்குப் பிறந்தநாள் வருகிறது. பரிசாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிறந்த கதையை மறுபடி எழுதி அனுப்புங்கள். இதுதான் கடைசி.

ஷீனா

*

வாழவந்தி
24 நவம்பர் 2024

பிறந்தநாள் காணும் மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். சர்ச்சில் உன் பெயருக்குப் பூசை வைத்தேன். சாமியார் உன் படிப்பின் பெயரைச் சொல்லத் தடுமாறினார், நான் எழுந்து திருத்தினேன்.

ஒரு பிள்ளை தன் மாமன் கடிதத்தை இத்தனை தடவை கேட்டு வாங்குகிறது என்றால் அது சாதாரணமா? காளியப்பன் இப்போது வாயே திறப்பதில்லை.

அன்றைக்கு மழை இல்லை, பனிமூட்டம்தான். கை நீட்டினால் கை தெரியாது. காப்பி லாரியில் போனோம். நாவல் மரம் ஒன்று குறுக்கே. முட்டிய பிறகுதான் மரம் என்றே தெரிந்தது. லாரியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு மலையேறினேன். உலகத்தில் யாரும் செய்யாதது.

உன் அப்பன் அடிவாரத்திலிருந்து ஓடியே வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்க, காலில் ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்க வந்து நின்று, "எங் கண்ணு எங்கே?" என்றான்.

கேக் வெட்டினாயா?

மாமா

*

வாழவந்தி
29 டிசம்பர் 2024

ஷீனாவுக்கு,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஏரிக்கரையில் ஐந்து பேர் என் ஜீப்பில் ஏறினார்கள். உன் வயசுப் பிள்ளைகள். எந்தக் காலேஜ் என்று கேட்டேன். உன் காலேஜ். என் வாய் சும்மா இருக்குமா? "எந் தங்கச்சி மவளும் அங்கதானுங்க, மூளைப் படிப்பு, ஷீனான்னு" என்றேன்.

பின்சீட்டில் ஈரோட்டுப் பிள்ளை ஒன்று, திவ்யா என்று பெயர், துள்ளி எழுந்துவிட்டது. "அய்யோ அண்ணா! மரம் மாமா நீங்கதானா?"

"என்ன மரமுங்க?"

"ஷீனா போன வாரம் கிளாஸ்ல பேசினாளே! உங்க லெட்டர் மூணையும் ஸ்கிரீன்ல போட்டா. ஒவ்வொரு லெட்டர்லயும் மரம் வேற. மொதல்ல சில்வர் ஓக், அப்புறம் பலா, அப்புறம் என்னடா?"

"நாவல்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"காட்டெருமை வந்தப்ப எங்க சாரே சிரிச்சிட்டாரு. ஞாபகம் எப்பிடித் தப்புத் தப்பா வளருதுன்னு நீங்கதான் எங்களுக்கு உதாரணம். அண்ணா, ஒரு செல்பி?"

நானும் சிரித்தேன். வண்டி ஓட்டுகிறவன் சிரிக்காவிட்டால் பின்னால் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். கோயில் குகை காவிரி வரை போகிறது, என் தாத்தா உள்ளே போய்க் காவிரியில் எழுந்தார் என்று எப்போதும் சொல்வேன். அன்றைக்கு, "இதான் கோயில்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இறங்கும்போது அந்தப் பிள்ளை, "மரம் மாமா, டாட்டா" என்றது. நல்ல பிள்ளை. அதன்மேல் தப்பில்லை.

மழையில் நனைந்த கடிதம் திரையில் நன்றாகத் தெரிந்ததாம்.

நீ என் கையெழுத்தை ஆசையாகக் கேட்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் ஷீனா. இனி எழுதாதே.

கிறிஸ்துதாஸ்

*

ஐதராபாத்
8 ஜனவரி 2025

மாமா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

திவ்யா சொன்னது எல்லாம் உண்மை. என் ஆய்வு நீங்கள்தான். ஒரே மனிதரை ஒரே சம்பவத்தைப் பலமுறை சொல்ல வைத்து, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்ப்பது. முன்பே சொல்லியிருந்தால் ஜாக்கிரதையாகச் சொல்லியிருப்பீர்கள். அதனால் முடிந்த பிறகு சொல்லிச் சம்மதம் வாங்க அனுமதி உண்டு. ஆனால் சம்மதம் வாங்கும் முன் வெளியே காட்டக் கூடாது. நான் காட்டினேன். உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு தள்ளிப்போட்டேன். வகுப்பில் அவர்கள் சிரித்தபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

கடிதம் நனையவில்லை. அது பொய்.

ஆனால் மாமா, நான் எதற்காக இதை எடுத்தேன் என்று கேளுங்கள். அப்பா முகம் எனக்கு ஞாபகமில்லை. எனக்கு இரண்டு வயதாகும்போது மஞ்சள்காமாலையில் போனவரை எப்படி ஞாபகம் இருக்கும்? எனக்கு அவர் என்றால் நீங்கள் சொன்ன அந்த ஓட்டம் மட்டும்தான். நீங்களோ எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்கிறவர். அது நடந்ததா என்று சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு அரிப்பு. நேராகக் கேட்டால் நீங்கள் சத்தியம் செய்வீர்கள். அதனால் இப்படிக் கேட்டேன்.

பதில் கிடைத்துவிட்டது மாமா. மரம் மாறியது, வண்டி மாறியது, மழை பனியானது. அப்பா ஓடி வந்த வரி மட்டும் மூன்று கடிதத்திலும் ஒரு சொல் மாறவில்லை. பனிமூட்டம் என்று எழுதிய கடிதத்தில்கூடச் சட்டை நனைந்தேதான் இருக்கிறது. மற்றதை மூளை பிறகு வளர்த்துவிட்டது, மாறாத அந்தப் பகுதிதான் அசல் நினைவு என்று என் முடிவுரையில் எழுதியிருக்கிறேன். என் ஆசிரியருக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. அதை எழுதி முடித்த அன்றைக்கு விடுதி மாடியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்.

உங்கள் சம்மதம் மார்ச் முடிவதற்குள் வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இந்த வருஷம் பட்டம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்.

ஷீனா

*

ஐதராபாத்
21 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

இரண்டு கைபேசிச் செய்திக்கும் பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

அம்மாவிடம் பேசினேன். அப்பா ஓடி வந்ததை ஆய்விலேயே நிரூபித்துவிட்டேன் என்று சொன்னேன். "எதா இருந்தாலும் உங்க மாமனையே கேளு சாமி" என்று போனை வைத்துவிட்டார். நீங்கள் கோபமாக இருப்பதால் அம்மாவுக்கும் என்மேல் வருத்தம் போல.

ஷீனா

*

வாழவந்தி
20 மார்ச் 2025

கண்ணு ஷீனாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கிளட்ச்சும் மாற்றியாயிற்று. நீ சரியாகச் சாப்பிடு.

முதலில் வேண்டியதை எழுதிவிடுகிறேன். எனக்குச் சம்மதம். என் கடிதங்களை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் வாத்தியாருக்குத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் படிப்பை நிறுத்தி வைக்கிற ஆள் நானில்லை.

அதற்காக எனக்கு ஆறிவிட்டது என்று நினைக்காதே. காளியப்பன் தினம் கேட்கிறான், "புள்ளகிட்டருந்து கடுதாசி வரலீங்களா?" பரீட்சை என்கிறேன். நேற்று, "நொம்ப நீளமான பரீட்சையா இருக்குதுங்க" என்றான். அவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் டீயை நிறைய ஊற்றினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த மலையில் என்னைப் புளுகன் என்று சொல்லாதவன் கிடையாது. முகத்துக்கு நேரே சொல்வார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் நீ என்னைப் புளுகன் என்றுகூட எழுதவில்லை. எனக்கு ஞாபகம் கெட்டுவிட்டது, மாற்றிச் சொல்வது எனக்கே தெரியவில்லை என்று எழுதி, முன்பின் தெரியாதவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாய். எனக்கு எல்லாம் தெரியும் ஷீனா. ஒவ்வொரு தடவையும், எது நடந்தது, எது நான் வைத்தது என்று தெரிந்துதான் எழுதினேன். காட்டெருமையை உனக்காக வைத்தேன். உனக்கு அதைப் பார்த்தால் பயம் கலந்த ஆசை என்பதால்.

அதனால்தான் சொல்கிறேன், உன் முடிவுரை தப்பு.

இதை எழுதாமல் சம்மதத் தாளை மட்டும் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். கோபத்தில் எழுதுகிறேனா, உன் நல்லதுக்கு எழுதுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. டூரிஸ்ட்டிடம் நான் சொல்வது அவர்கள் மலையிறங்குவதோடு போச்சு. நீ மூன்று பேர் முன்னால் நின்று, இது நிஜம், நான் நிரூபித்தேன் என்று சொல்லப் போகிறாய். உன் பெயரில் அச்சாகப் போகிறது. அங்கே என் புளுகு நிற்கக் கூடாது.

மரம் விழுந்தது நிஜம். எந்த மரம் என்று பார்க்க அன்றைக்கு எனக்குக் கண் ஏது? வண்டி பாதியில் திரும்பியது நிஜம். நீ கதவைத் தாண்டியதும் பிறந்தது நிஜம். நடந்த சங்கதியை நான் எப்படி வளைத்தாலும் அது எங்கேயும் போய்விடாது, அந்தத் தைரியத்தில் இஷ்டத்துக்கு வளைத்தேன்.

உனக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "நான் பொறந்தப்போ எங்கப்பா எங்க இருந்தாரு?" என்று கேட்டாய். உன் அம்மா திரும்பாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு என்ன சொன்னேனோ, அதை ஜெபம் மாதிரி நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். ஒரு சொல் பிசகினாலும் நீ பிடித்துவிடுவாய் என்று பயம். மாறாமல் இருந்தது அதனால்தான்.

மரம் விழுவதற்கு முன்பே பட்டறைக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. "வேலை கெடக்குது, அப்புறமா வர்றேன்னு சொல்லுங்க" என்றானாம் பாக்கியநாதன். ஈஸ்டர் கழிந்துதான் உன்னைப் பார்க்க வந்தான். வந்து உன்னைத் தூக்கினான், ரொம்ப நேரம் கீழே விடவில்லை. இது நிஜம் என்று நான் சொன்னால் நீ இனி எதை வைத்து நம்புவாய்? விடு.

அவன் ஓடி வரவில்லை, கண்ணு. அந்த ஓட்டத்தை நான்தான் உண்டாக்கினேன்.

உன் மாமா
கிறிஸ்துதாஸ்